குரல் நின்ற பின் இரண்டடி

அவள் பேரில் ஸ்டோர் நோட்டில் ஏறியிருந்த தொகை பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. கண்ணாடிப் பலகை ஏழு, ஒன்று இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது வீதம். அதோடு மறுபடி கொண்டுவரும் வண்டிக்கூலி ஆயிரம். மாதம் ஆயிரத்து ஐந்நூறு சம்பளத்தில் பிடித்தம். அந்த வரிக்குக் கீழே அவள் கையெழுத்தும் இருந்தது... கொஞ்சமும் நடுங்காத, குண்டு குண்டான எழுத்து.

அது அவள் கடன் இல்லை. அது தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் அந்த நோட்டுக்கு இருநூறு அடி மேலே, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து டவர் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

வேலையிடத்தில் அவனுக்கு ஏணி என்று பெயர். ஆள் நெட்டை என்பதால் பாதி, காலையில் ஏணியைப் பிடித்து ஏறினால் சாயங்காலம்தான் மண்ணை மிதிப்பான் என்பதால் பாதி. முப்பத்தெட்டு வயசு. இரண்டு தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அவனுக்கும் ஒரு பெண் பார்க்க வேண்டும் என்பது வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அவனும் ஞாபகப்படுத்தவில்லை. மேலே காற்று உண்டு, வெயில் உண்டு, புறா உண்டு. பேச ஆள் கிடையாது. இருப்பது ஒரு வாக்கிடாக்கி. அதிலும் என்ன பெரிய பேச்சு... தூக்கு, திருப்பு, எறக்கு, நிறுத்து. தீர்ந்தது.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. கட்டடத்துக்குப் பின்பக்கம் சரக்கு இறங்கும்போது மேலே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கீழே நிற்கும் சிக்னல் ஆள்தான் அவனுக்குக் கண். அந்த ஆள் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், எறக்கு, எறக்கு, எறக்கு என்று. சத்தம் வரும்வரை சரக்கு இறங்கலாம். சத்தம் நின்றால் சரக்கும் நின்றுவிட வேண்டும். தும்மல் வந்ததா, பேட்டரி தீர்ந்ததா, ஆள் மயங்கி விழுந்தாரா... கேள்வியே கிடையாது. முதலில் நிறுத்து, பிறகு கேள். பதினாலு வருஷமாக அவன் கை அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறினதில்லை.

அவள் வந்தது ஒரு திங்கட்கிழமை. வழக்கமான சிக்னல்காரர் கால் பிசகிப் படுத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் சூப்பர்வைசர், ஆள் ஏறும் லிஃப்டுக்குக் கதவு திறந்துவிட்டுக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டார். சிக்னல் பயிற்சி முடித்து அட்டை வாங்கி வைத்திருந்தவள்தான். பொம்பளைக் குரல் மேலே எட்டாது என்று ஏழு மாதமாகக் கதவு திறக்கவே வைத்திருந்தார்கள்.

எட்டியது. நன்றாகவே எட்டியது. அடைத்துக் கிடந்த கூண்டுக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு குரல்... "எறக்குங்க... எறக்குங்க... இன்னும் கொஞ்சம் எறக்குங்க..."

அவன் கம்பிக் கட்டைப் பாதியில் நிறுத்திவிட்டான்.

"ஏம்மா, நீ 'ங்க' சொல்லி முடிக்கறதுக்குள்ள சரக்கு ஒரு அடி போயிடும். எறக்குன்னு சொல்லு போதும்."

"வயசுல பெரியவரா இருந்தா எப்படி..."

"என் வயசு உனக்கு எப்படித் தெரியும்?"

"குரல் அப்படித்தான் இருக்கு."

கீழே நாலைந்து பேர் சிரித்தது வாக்கியில் கேட்டது. அவன் முகம் போன போக்கை நல்லவேளையாகப் புறாக்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. காற்றில் தொங்குகிற கம்பிக்கு மரியாதை தெரியாது என்று கடுகடுவென்று சொல்லி வைத்தான். சத்தம் நின்றால் சரக்கு நிற்கும், மறந்துவிடாதே என்றும் சொன்னான். சரி என்றாள். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் எறக்கு, தூக்கு, திருப்பு என்று அவனை ஏவினாள் பாருங்கள்... பத்து வருஷம் குடித்தனம் நடத்தினவள் தோற்றாள்.

பதினோரு நாள் அவளுக்கு முகம் கிடையாது. மேலேயிருந்து பார்த்தால் பாட்டில் மூடி அளவு ஒரு மஞ்சள் தலைக்கவசம். அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று அவன் கண் தானாகப் போனது. எதற்கு இந்த வேலை உனக்கு என்று கண்ணைத் திட்டிக்கொண்டே பார்த்தான்.

பன்னிரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. காற்றின் வேகம் எல்லை தாண்டியதும் கிரேனை விட்டுவிட்டு அவன் இறங்கி வந்தான். கம்பி வளைக்கும் இடத்தில் கட்டியிருந்த தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பெண் நின்றிருந்தாள். வாக்கிடாக்கியைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தாள், குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. இமையில் ஒரு துளி தொங்கியது. விழவும் இல்லை, அவள் சிமிட்டவும் இல்லை. பெரிய கண் என்று சொல்ல முடியாது. ஆனால் பார்க்கிறதை முழுசாகப் பார்க்கிற கண். அந்தக் கண் அவன் பக்கம் திரும்பியது.

"அண்ணே, மேல இருக்கிறவர் எறங்கிட்டாரா? இடி இடிக்குதே..."

அவன் மழைப் பக்கம் திரும்பிக்கொண்டான். "எறங்கிட்டாராம்."

"அப்பாடா. சிடுமூஞ்சிதான்... இருந்தாலும் தனியா கெடக்குறாரு பாருங்க, பாவம்."

சிடுமூஞ்சி என்று யார் சொன்னது என்று கேட்டான். யாரும் சொல்லத் தேவையில்லை, பதினோரு நாளாகக் காதில் வாங்கிக்கொண்டிருப்பது நான்தானே என்றாள். அவன் மழையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சரக்கு தூக்கும் முன்னாலும் வாக்கியில் சொல்கிற அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னான்.

"சரி... ரெடி."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஓடிவிடுவாள் என்று நினைத்தான். ஓடவில்லை. அவனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள்.

"பரவாயில்ல," என்றாள். "குரலுக்கு ஆள் வயசு கம்மிதான்."

அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே அவன் மேல் ஒரு துளியும் விழவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் நனைந்தது என்று பின்னால் பல நாள் நினைத்துக்கொண்டான்.

பழைய சிக்னல்காரர் கால் சரியாகி வந்தபோது, அவரை முன்பக்கம் போட்டுவிடுங்கள், பின்பக்கத்துக்கு இந்தப் பெண்ணே இருக்கட்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டது ஏணிதான். ஏன் என்று கேட்டதற்குக் குரல் தெளிவாக இருக்கிறது என்றான். சூப்பர்வைசர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். சாயங்காலம் பஸ் நிறுத்தம் வரைக்கும் இரண்டு பேரும் ஒன்றாக நடந்தார்கள். அவளுக்கு அண்ணன் ஒருவர், லேத் பட்டறையில் வேலை. அண்ணி நல்லவள், வாய்தான் கொஞ்சம் நீளம். அவள் சம்பளத்தில் ஒரு பங்கு அந்த வீட்டுக்குப் போகிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, உங்களிடம் எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை என்பாள். வாக்கியில் தூக்கு, எறக்கு என்று ஏவுகிறவள் தரையில் வாங்க, போங்க என்பாள். அவன் அறைக்குப் போய்ச் சோறு வைத்தால் கொதிக்கிற சத்தத்துக்குள் அவள் குரல் கேட்கும். எறக்கு... எறக்கு... மெதுவா... அவனுக்கே சிரிப்பு வரும். யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும்தான்.

மூன்றாம் மாதம் அந்தக் குரலில் ஒரு பிசிறு தட்டியது.

அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் அது அவனுக்குத் தெரிந்தது. நாள் முழுக்கக் காதோடு காதாகக் கேட்கிறவன் அல்லவா. முதலில் கரகரப்பு. காக்காயை முழுங்கிவிட்டாயா என்று கேலி செய்தான். சிமெண்டு தூசி என்றாள். வெந்நீர் குடித்தாள், தொண்டை மாத்திரை சப்பினாள். ஒரு பக்க மூக்கு எப்போதும் அடைத்தே இருந்தது. ஒரு நாள் சட்டைக் கையில் ரத்தக் கறை. மூக்குச் சில்லு, சூடு என்றாள். பிறகு அவள் மூச்சை இழுக்கும்போது வாக்கியில் மெல்லிசாக ஒரு சீட்டிச் சத்தம் வர ஆரம்பித்தது. வாக்கியில்தான் கோளாறு என்று அவன் அதை மாற்றச் சொன்னான். புது வாக்கியிலும் அந்தச் சீட்டி வந்தது. டாக்டரிடம் போ என்று இரண்டு தடவை சொன்னான். போகிறேன் என்று இரண்டு தடவை சொன்னாள்.

கண்ணாடி வந்த நாள் நல்ல வெயில். ஆறாவது மாடியின் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் இரும்பு மேடையில் பெட்டியை இறக்க வேண்டும். சரி, ரெடி என்றான். எறக்கு என்றாள். எறக்கு... எறக்கு... எறக்கு... மெதுவா... எறக்கு... அவன் கை நெம்புகோலில் பூப்போல இருந்தது.

பெட்டி மேடைக் கம்பியில் மோதியது. கொக்கிக் கயிறு உதறியது அவன் உட்கார்ந்த இடத்தில் தெரிந்தது. பெட்டி சாய்ந்து ஏழு பலகையும் ஒன்றன் பின் ஒன்றாகச் சரிந்து கீழே போயின. கண்ணாடி மாட்டுகிறவர்கள் இரண்டு பேர், பீடிக்கு நெருப்புக் கேட்டு அந்தப் பக்கம் நகர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஆள் தப்பித்தது அந்த நெருப்பால்தான்.

அவன் கிரேனை நிறுத்தினான். அதற்குப் பிறகுதான் காதுக்கு உறைத்தது. வாக்கியில் குரல் இல்லை. இருமலும் அந்தச் சீட்டியும்தான். எப்போதிலிருந்து இல்லை? கயிறு அளவு காட்டும் கருவியைப் பார்த்து, அவள் கடைசியாக மெதுவா என்றபோது அது காட்டிய எண்ணைக் கழித்தான். இரண்டடி. குரல் நின்ற பிறகும் அவன் கை இரண்டடி இறக்கியிருந்தது.

விசாரணையில் சேஃப்டி ஆபீசர் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி. நடுவில் சிக்னல் நின்றதா? நின்றது என்றான். பொய் இல்லை. நின்ற பிறகு நீ என்ன செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை. பதினாலு வருஷ ஆள், அவனிடம் போய் அதைக் கேட்பார்களா? அவளே முந்திக்கொண்டு, இருமல் வந்து கண்ணை இருட்டிவிட்டது, என் தொண்டையால்தான் என்று சொல்லிவிட்டாள். ஆபீசர் எழுதிக்கொண்டார். லைசென்ஸ் போனால் என்ன ஆகும் என்று அவன் கணக்குப் போட்டான். போட்டு முடிப்பதற்குள் காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

வாக்கியைப் பிடுங்கிக்கொண்டு அவளை வாசலில் வந்து போகிறவர்களின் பாஸ் எண்ண உட்கார வைத்தார்கள். அன்று சாயங்காலம் அவன் இறங்கி வந்தபோது ஏணியடியில் காத்திருந்தாள். குரல் காற்றாக வந்தது.

"என்னால உங்க பேரும் கெட்டுச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதெல்லாம் ஒண்ணுமில்ல என்று மட்டும் சொன்னான். அந்த ஒரு வார்த்தையைப் பிறகு எத்தனை நாள் மென்று மென்று பார்த்தான். துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

அண்ணன் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது அதற்குப் பிறகுதான். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வீக்கம் என்றார்கள், ஒரு துளி சதை எடுத்தார்கள். அழுகின சதைதான், ஒன்றும் தெரியவில்லை என்று முதல் முடிவு வந்தது. வீக்கத்துக்கு மருந்து கொடுத்தார்கள். ஒரு மாதம் ஓடியது. மறுபடி இன்னும் ஆழத்தில் எடுத்தார்கள். அவள் வாசலில் உட்கார்ந்து பாஸ் எண்ணிக்கொண்டேதான் இருந்தாள். கணக்கில் பிடித்தமும் தவறாமல் நடந்தது.

அவன் ஸ்டோர்காரரிடம் போய் நாலாயிரத்தை நீட்டினான். அவள் பேரில் வரவு வைத்துவிடுங்கள், யார் என்று சொல்ல வேண்டாம் என்றான். ஸ்டோர்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அவருக்கு வாய் நிற்குமா. மாதம் பிறந்ததும் சம்பளச் சீட்டோடு அவள் ஏணியடிக்கு வந்து நின்றாள். காற்றுக் குரலில் கோபப்படுவதைப் பார்க்கிறவனுக்குத்தான் வலி தெரியும்.

"யாரைக் கேட்டு கட்டினீங்க?"

சும்மா, ஒரு உதவி என்று ஏதோ உளறினான்.

"நான் உடைச்சது. நான் கட்டறேன். எனக்கு நோவு வந்துடுச்சுன்னு பாவப்பட்டு காசு போடறவங்க... அந்த வரிசையில நீங்களும் வந்து நிக்காதீங்க. அது மட்டும் வேண்டாம்."

ஸ்டோருக்குப் போய் அந்த வரவை அடிக்க வைத்து, நாலாயிரத்தையும் அவன் கையில் திணித்துவிட்டுத்தான் போனாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வாசலில் பாஸ் எண்ண வேறு ஆள் உட்கார்ந்தார். அவள் சம்பளத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்க வந்த அண்ணனை அவன் ஓடிப் போய்ப் பிடித்தான். மெலிந்த மனுஷர். லேத் தூள் ஏறிக் கறுத்த விரல்கள். தங்கச்சியோடு வேலை செய்கிறவர் என்று தெரிந்ததும், யாரிடமாவது சொன்னால் போதும் என்று இருந்தவர் போலச் சொல்ல ஆரம்பித்தார்.

"நிணநீர்ல வர்ற புத்துநோயாம். அது கழுத்துல, அக்குள்ல நெறி கட்டித்தான் வருமாம். இவளுக்கு மூக்குக்குப் பின்னாடி பிடிச்சு மூச்சுக்குழாய் வாசல்லயே வந்து உக்காந்திருக்கு. பதினஞ்சு வருஷத்துல இப்படி வந்த மூணாவது ஆள் இவதான்னு டாக்டரம்மா சொல்றாங்க. அவங்களுக்கே புதுசா இருக்கு, நான் யாருகிட்டப் போய்க் கேப்பேன்?"

வழி அடைத்துக்கொண்டே வருகிறது. மருந்து ஏற்றினால் கட்டி சுருங்கலாம், ஆனால் சுருங்குவதற்குள் மூச்சு நின்றுவிட்டால்? அதனால் நாளைக் காலையில் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்கிறார்கள். குழாய் வைத்துவிட்டால் மூச்சு அந்த வழியாகப் போய்விடும், குரலுக்குக் காற்று வராது. பிறகு எப்போது பேச்சு வரும், வருமா என்று டாக்டரம்மா உறுதி சொல்லவில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, அவள் ஒரே புலம்பல் புலம்புகிறாள் என்றார். என் தொண்டையால் இரண்டு பேர் செத்திருப்பார்களே என்று. நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையாம்... அந்தக் கண்ணாடியைப் பற்றித்தானாம்.

அவன் அன்றைக்கு மறுபடி மேலே ஏறவில்லை. ஆபீஸ் கொட்டகைக்குப் போய் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினான். அவன் எழுத்துப் படித்தது லைசென்ஸ் பரீட்சைக்காக, இருபது வயசுக்கு மேல். அரைப் பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. சிக்னல் நின்ற பிறகும் நான் இரண்டடி இறக்கினேன். தவறு என்னுடையது. அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை. மேனேஜர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். முடிந்து போன கதையை ஏன் தோண்டுகிறாய், உன் தலையில் நீயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாயே என்றார். அவன் நின்ற இடத்திலேயே நின்றான். லைசென்ஸை ஒரு வருஷத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். கம்பி கட்டும் வேலைக்குக் கூலி குறைத்துப் போட்டார்கள். ஸ்டோர்காரர் நோட்டை எடுத்து அவள் பேரின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் அவன் பேரை எழுதினார். அவளிடம் பிடித்த மூவாயிரத்தையும் எண்ணி ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிய அரை மணிதான் இருந்தது. எட்டுக் கட்டில் வார்டில் ஜன்னலோரம் அவள் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். முகம் பாதியாகியிருந்தது. கண் மட்டும் அதே கண். அண்ணன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவன் உட்காரவில்லை.

கவரைக் கட்டிலில் வைத்தான். பாவப்பட்டா என்று அவள் புருவம் கேட்டது. இல்லை என்று தலையாட்டினான்.

"இது உன் காசு. உன்கிட்ட பிடிச்சது. கண்ணாடியை உடைச்சது நான்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"சத்தம் நின்னப்புறமும் நான் ரெண்டடி எறக்கினேன். எனக்கு அன்னிக்கே தெரியும். ரெண்டு மாசமா தெரியும். வாயைத் திறக்கல."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அண்ணன் எழுந்தார். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். ரெண்டு மாசம் அவ தூங்கலடா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவன் கையைத் தடுக்கவில்லை. அவள் மெத்தையில் இரண்டு தட்டுத் தட்டினாள். அண்ணன் கையை எடுத்தார். வெந்நீர் வேண்டும் என்று பிளாஸ்கைக் காட்டினாள். அது நிறைந்துதான் இருந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சீட்டி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. பிறகு ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து வெளியே போட்டாள்.

"சத்தம் நின்னா சரக்கு நிக்கணும். மொத நாள் நீங்கதான் சொன்னீங்க."

"ஆமா."

"பதினாலு வருஷத்துல ஒரு தடவைகூட நிறுத்தாம விட்டதில்லன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அப்புறம் ஏன்?"

அதை இத்தனை நாள் அவனே அவனிடம் கேட்டுக்கொண்டதில்லை. கேட்க பயந்துகொண்டிருந்தான். இப்போது வாயைத் திறந்ததும், வெகு நாளாக வாசலில் காத்திருந்த மாதிரி பதில் வந்து நின்றது.

"நின்னதே எனக்குத் தெரியல. நீ பேசிட்டேதான் இருந்த... என் காதுக்குள்ள. சோறு வடிக்கும்போது, பஸ்ல போகும்போது, எப்பவும் நீ பேசிட்டேதான் இருப்ப. அன்னிக்கு எது வாக்கியில வந்தது, எது எனக்குள்ள இருந்து வந்ததுன்னு... பிரிச்சுப் பார்க்க முடியல. உன் சத்தம் நின்னாலும் எனக்கு நிக்கல. அதுதான் நடந்தது. வேற காரணம் இல்ல."

அவள் கண் நிறைந்தது. இமையில் வந்து நின்றது. இந்தத் தடவை விழுந்தது.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல," என்றாள். "கண்ணாடிய சொல்லல."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்து, அது இறங்கும் வரைக்கும் காத்திருந்து, கையைத் தூக்கி அவனை நெருங்கி வரச் சொன்னாள். காது அவள் வாய்க்குப் பக்கத்தில் போயிற்று.

"நானும் ஒண்ணு சொல்லணும். நாளைக்குச் சொல்ல முடியாது." மூச்சு வாங்கினாள். "கண்ணாடி விழறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே எனக்குத் தெரியும். நடுவுல நடுவுல மூச்சு நின்னுடும். சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா வாக்கிய வாங்கிடுவாங்க..."

நிறுத்தினாள்.

"வாங்கிட்டா உங்ககூட பேசறது நின்னுடும். அதான் சொல்லல. பாதி என்னோடது."

ஆயா வந்து நேரமாகிவிட்டது என்றாள். பிளாஸ்கோடு அண்ணன் வாசலில் நின்றிருந்தார், எவ்வளவு நேரமாகவோ. அவன் எழுந்தான். பாதி கீதி எதுவும் கிடையாது, முழுசும் என் பேரில் எழுதியாயிற்று, கோடு போட்ட பிறகு ஸ்டோர்காரர் ஆண்டவன் வந்து கேட்டாலும் அழிக்க மாட்டார் என்றான். அவள் சிரித்தாள். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. நாளைக்கு வருவீர்களா என்று கேட்டாள். அவனுடைய காது அவளிடம் வாங்கிக்கொண்ட கடைசிப் பேச்சு அதுதான். வருவேன் என்றான்.

வந்தான். மறுநாளும், அதற்குப் பிறகும். காலையில் கம்பி கட்டிவிட்டுச் சாயங்காலம் ஆஸ்பத்திரி. கழுத்துக் குழாயில் சளி கட்டினால் எப்படி உறிஞ்சி எடுப்பது, உள்குழாயை எப்படிக் கழற்றிக் கழுவி மாட்டுவது என்று நர்ஸிடம் கற்றுக்கொண்டான். மருந்து ஏற ஏற முடி கொட்டியது, வாய் புண்ணானது. முதல் மூன்று சுற்றில் கட்டி பாதியாகச் சுருங்கியது. டாக்டரம்மாவே சிரித்த முகமாக வந்து சொன்னார். அந்த மாதம் அவர்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்து இருட்டும் வரைக்கும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி சாப்பாட்டு டப்பாவில் அவனுக்கும் சேர்த்து வைக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் அண்ணன் பட்டறையிலிருந்து வந்து, "மாப்ள, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதை யாரும் கவனிக்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கவனித்தாள். நாள் முழுக்க அதையே நினைத்து முகம் மலர்ந்துகொண்டிருந்தாள்.

ஐந்தாவது சுற்றில் மருந்து பிடிக்கவில்லை. கதிர்வீச்சு வைத்தார்கள். நோய் வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தது. எட்டாம் மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அண்ணனும் அண்ணியும் அவனும் பக்கத்தில் இருக்க, அவள் மூச்சு குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து நின்றது. அவன் அவள் கையைப் பிடித்திருந்தான். நின்றது அந்தக் கைக்கு உடனே தெரிந்தது.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனான். சம்பள நாள். ஸ்டோர்காரர் நோட்டை விரித்தார். எட்டு மாதத்தில் பன்னிரண்டாயிரம் கட்டியாகிவிட்டது, பாக்கி ஆறாயிரத்து அறுநூற்று நாற்பது. இந்த மாதப் பிடித்தத்தை எழுதச் சொல்லி அவன் குனிந்தான். ஸ்டோர்காரர் எழுதவில்லை. மேனேஜர் சொல்லிவிட்டார் என்றார். மனுஷன் நொந்து போயிருக்கிறான், பாக்கியைத் தள்ளிவிடு என்று. நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னார்.

வேண்டாம் என்றான் அவன். நான் கட்டிவிடுகிறேன், இன்னும் ஐந்து மாதம்தானே, பிடித்துக்கொள்ளுங்கள் என்றான். ஸ்டோர்காரருக்கு விளங்கவில்லை. கடன் போகிறது என்றால் சந்தோஷப்படாத ஆளை அவர் பார்த்ததில்லை. அந்த வரியில் கோட்டுக்கு அடியில் அவள் பேர் இன்னும் படிக்கத் தெரிகிற மாதிரி இருந்தது. மாதா மாதம் அதைத் திறந்து, அதற்குப் பக்கத்தில் ஒரு தொகை எழுதி, அதற்குக் கீழே அவன் கையெழுத்துப் போடுவது... அதை எப்படி அவரிடம் விளக்குவது.

"ஆபீஸ் உத்தரவுப்பா," என்றார் ஸ்டோர்காரர். ஸ்கேலை வைத்து வரியின் குறுக்கே நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, தள்ளுபடி என்று எழுதி, தேதி போட்டு, நோட்டை மூடினார்.